சவளக்கடை வீட்டின் மொசைக் நிலம்: ஒரு சிறு வரலாறு

சில மாதங்களுக்கு முன்னர் சவளக்கடையில் உள்ள என் ராத்தாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனை வழியாகச் சென்று, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் வயல்வெளிகளுக்கு நடுவே வரும் ஊர் அது. மாரி காலத்தில் அந்தத் தாம்போதி நீரில் மூழ்கிப் போக்குவரத்துத் தடைப்பட்டது என்ற செய்தியை எனது பத்திரிகை வாழ்வில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அன்று நான் போனது செய்திக்காக அல்ல. ராத்தாவின் பேத்திக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். வீட்டைத் திருத்த வேண்டும், அதற்கு என் அபிப்பிராயமும் வேண்டும் என்று மருமகள் தொலைபேசியில் அழைத்திருந்தாள்.

"எல்லா ஊட்டிலயும் மாபிள் போட்டுட்டாங்க மாமா. நம்மட நிலம் மட்டுந்தான் இப்பிடிக் கெடக்கு" என்றாள் மருமகள். மாபிள் என்று எங்கள் பகுதியில் சொல்லப்படுவது சலவைக்கல் அல்ல. கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் பளபளப்பான பீங்கான் ஓடுகளைத்தான் நாங்கள் அப்படி அழைக்கிறோம். பழைய நிலத்தின் மேலேயே அவற்றை ஒட்டிவிடலாம், அல்லது பழையதை உடைத்து அகற்றிவிடலாம் என்று மேசன் கூறியிருந்தாராம்.

நான் நிலத்தைப் பார்த்தேன். பத்து அங்குலச் சதுர ஓடுகள். மங்கிய பச்சை நிறத்தில், வெள்ளையும் கறுப்புமாகச் சலவைக்கல் துணுக்குகள் தூவிக்கிடந்தன. வாசலருகே தேய்ந்து ஒளி இழந்திருந்தது. குசினிப் பக்கம் எலுமிச்சைச் சாறும் புளியும் விழுந்த இடங்களில் வட்ட வட்டமாக வெளிறியிருந்தது. மண்டபத்தின் ஒரு மூலையில் மயிரிழை வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது. அழுக்கடைந்த கிழட்டு நிலம் என்று இளையவர்கள் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் அந்த நிலம் எப்படி அங்கே வந்தது என்பது எனக்குத் தெரியும். அதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

பெண்ணுக்கு வீடு

கிழக்கிலங்கைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பொதுவாக உள்ள ஒரு வழக்கம் வெளியூர் வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம். இங்கே கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவளுக்கொரு வீடு கட்ட வேண்டும் என்ற கவலை தகப்பனைப் பிடித்துக்கொள்ளும். தாய்வழியாக வரும் 'குடி' முறையோடு சேர்ந்த இந்த வழக்கத்தை, அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே விரிவாக எழுதியிருக்கிறார். வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மகள் அதைத் தன் மகளுக்குக் கொடுப்பாள். ஆண்பிள்ளைகளாகிய நாங்கள் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்து வேறொரு வீட்டுக்குப் போய்விடுவோம்.

ஆகவே எங்கள் பகுதியில் ஒரு வீட்டின் சுவரும் கூரையும் நிலமும் ஒரு குடும்பத்தின் பெண்களுக்காகச் சேமிக்கப்பட்ட செல்வம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும்போது பாதணியைக் கழற்றிவிட்டு முதலில் கால் வைப்பது நிலத்தில்தான். வீட்டுக்காரரின் நிலைமையை அவர்கள் காலாலேயே அறிந்துகொள்வார்கள் என்று வாப்பா சொல்வதுண்டு.

அக்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் மண் நிலம்தான். களிமண்ணைத் தட்டி இறுக்கி, வாரந்தோறும் மெழுகுவார்கள். வசதி கொஞ்சம் கூடியவர்கள் சீமெந்து பூசினார்கள். அதற்கும் மேலே சிவப்புச் சாயம் கலந்து கரண்டியால் அழுத்தி மினுக்கிய சீமெந்து நிலம் வந்தது. போடியார் வீடுகளில் அது சாதாரணம். பள்ளிவாசல், வைத்தியசாலை, பெரிய பாடசாலை, வங்கி ஆகியவற்றில் மாத்திரம் நாங்கள் 'மொசைக்' என்று சொல்லும் கல் துணுக்கு நிலத்தைக் கண்டிருக்கிறோம்.

வாப்பா ராத்தாவுக்கு அந்த நிலத்தைப் போட முடிவு செய்தது 1974இல். அந்த ஆண்டுப் பெரும்போகத்தில் நெல் நன்றாக விளைந்திருந்தது. விதைக்கும் சாப்பாட்டுக்கும் வைத்தது போக மீதி அத்தனை அவணமும் அந்த நிலத்துக்குள் போயிற்று என்று உம்மா பிற்காலத்தில் அடிக்கடி சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வார்.

கழிவிலிருந்து பிறந்த கலை

நாங்கள் மொசைக் என்று சொன்னாலும் அதன் சரியான பெயர் டெராசோ. மொசைக் என்பது சிறு சிறு கற்களை ஒவ்வொன்றாக அடுக்கி உருவம் அமைப்பது. டெராசோவில் கல் துணுக்குகளைச் சுண்ணாம்பிலோ சீமெந்திலோ குழைத்துப் பரப்பி, இறுகிய பின்னர் மேற்பரப்பைத் தேய்த்து மினுக்குவார்கள். துணுக்குகளின் வெட்டுமுகம் அப்போது வெளியே தெரியும்.

இந்த எண்ணம் மிகப் பழையது. துருக்கியின் தென்கிழக்கில் சயோனு என்ற இடத்தில் 1964இல் ஆரம்பித்த அகழாய்வில், ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கட்டடம் ஒன்றின் நிலம் வெளிப்பட்டது. சுட்ட சுண்ணாம்பில் செந்நிறக் கல் துணுக்குகளைப் பதித்து, நடுவே வெள்ளைக் கோடுகள் அமைத்து, தேய்த்து மினுக்கிய நிலம் அது. மட்பாண்டம் செய்யக் கற்பதற்கு முன்னரே அவ்வூர் மனிதர் இப்படியொரு நிலம் செய்யக் கற்றிருந்தனர். நமது நாட்டிலும் சுண்ணாம்பை மினுக்கும் கைத்திறன் பழையதுதான். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிகிரியாவின் கண்ணாடிச் சுவர் அதற்குச் சாட்சி.

இன்றைய பெயரும் முறையும் இத்தாலியின் வெனிஸ் நகரிலிருந்து வந்தவை. அந்நகரின் செல்வந்தர்கள் தமது மாளிகைகளுக்குச் சலவைக்கல் பதித்தனர். கல் வெட்டும்போது சிதறிய துண்டுகள் குப்பையாகக் கிடந்தன. வேலையாட்கள் அவற்றைப் பொறுக்கிச் சென்று தம் வீட்டு முன்றில்களில் சுண்ணாம்பில் பதித்துத் தேய்த்துக்கொண்டனர் என்று கூறுவர். முன்றிலைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே டெராசோ என்ற பெயர் வந்தது. ஏழைகளின் முன்றிலில் இருந்த நிலம் பின்னர் மாளிகைகளுக்குள்ளும் நுழைந்தது. அதற்குப் பொறியியல் காரணமும் உண்டு. வெனிஸ் நகரக் கட்டடங்கள் சேற்றில் அடித்த மரக்கம்பங்களின் மேல் நிற்பவை. மெல்ல மெல்ல அசைபவை. சுண்ணாம்பு நிலம் அந்த அசைவுக்குச் சற்று வளைந்து கொடுக்கும். மேற்பரப்பு மின்ன ஆளி விதை எண்ணெய் பூசினார்கள்.

இந்தக் கைவேலையில் தேர்ந்தவர்கள் வெனிஸுக்கு வடகிழக்கே உள்ள பிரியுலி மலையடிவார ஊர்களைச் சேர்ந்த ஏழை மக்கள். பாரிஸ் நகரில் 1875இல் திறக்கப்பட்ட ஒபரா மாளிகையின் மொசைக் வேலைகளைச் செய்த ஜான்தொமெனிக்கோ பாக்கினா அப்பகுதியின் செக்குவால்ஸ் ஊரவர். அவர்களில் பலர் பிழைப்புத் தேடி அமெரிக்கா வரை சென்றனர். 1922இல் ஸ்பிலிம்பெர்கோ நகரில் இதற்கெனவே ஒரு தொழிற்பாடசாலை தொடங்கப்பட்டது. அது இன்றும் இயங்குகிறது. 1824இல் ஆங்கிலேயரான ஜோசப் அஸ்ப்டின் உரிமம் பெற்ற போட்லண்ட் சீமெந்து பின்னர் சுண்ணாம்பின் இடத்தைப் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரத்தில் ஓடும் தேய்ப்பு இயந்திரம் வந்ததும் வேலை விரைவாயிற்று. ஹொலிவூட் நடைபாதையில் நட்சத்திரங்களின் பெயர் பொறித்த கற்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவையும் பித்தளைக் கோடிட்ட டெராசோதான்.

நமது உபகண்டத்தில் இத்தொழில் வேரூன்றியதற்குச் சுதேசி உணர்வும் ஒரு காரணம். வெளிநாட்டிலிருந்து சீமெந்து ஓடுகள் இறக்குமதியான காலத்தில், 1922இல், பம்பாயில் சித்வா என்ற பார்சிக் குடும்பத்தினர் பாரத் புளோரிங் டைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். தமிழ்நாட்டில் செட்டிநாட்டின் ஆத்தங்குடி ஓடு இன்னொரு கிளை. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சீமெந்தை ஊற்றிச் செய்யும் அந்த ஓட்டில் கல் துணுக்கு இல்லை, தேய்ப்பும் இல்லை. ஆனாலும் இரண்டும் சீமெந்துக் குடும்பத்தின் பிள்ளைகளே.

இலங்கையில் 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 1970இற்கும் 1977இற்கும் இடைப்பட்ட காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெளிநாட்டு ஓடுகளை எங்களைப் போன்றவர்கள் நினைத்தும் பார்க்க முடியாது. உள்ளூர்ச் சீமெந்து, கல் துணுக்கு, மனிதக் கை ஆகிய மூன்றைக்கொண்டு செய்யக்கூடிய மிக உயர்ந்த நிலம் டெராசோதான். அரச கட்டடங்களில் அது பரவியதற்கும், ஒரு நெற்செய்கையாளரான வாப்பா அதற்கு ஆசைப்பட்டதற்கும் அந்தக் காலநிலைமை ஒரு காரணம் எனலாம்.

நிலம் போட்ட கதை

கொழும்பிலிருந்து ஓடுகள் லொறியில் வந்தன. ஆனால் வேலை ஓடு வருவதற்குப் பல நாட்களுக்கு முன்னரே தொடங்கிவிட்டது. சவளக்கடை வயல் சார்ந்த ஊர். அங்குள்ள களிமண் மாரியில் நீர் குடித்து வீங்கும், கோடையில் காய்ந்து வெடிக்கும். அதன் மேல் எந்த நிலத்தைப் போட்டாலும் சில ஆண்டுகளில் பிளந்துவிடும். ஆகவே மேசன் காக்கா களிமண்ணைத் தோண்டி அகற்றச் சொன்னார். அந்தக் குழியில் ஆற்று மணலும் கிறவலும் அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நீரூற்றி மரக்கட்டையால் இடித்து இறுக்கினார்கள். கடற்கரை மணலைத் தொட அவர் விடவில்லை. அதிலுள்ள உப்பு ஈரத்தோடு மேலேறி, நிலத்தில் வெள்ளை மாவாகப் பூக்கும் என்பது அவரது அனுபவம். பின்னர் அதன் மேல் சல்லிக் கொங்கிறீட் போடப்பட்டு, நாட்கணக்கில் நீர் கட்டி வைக்கப்பட்டது.

ஓடு எப்படிச் செய்யப்படுகிறது என்பதை இங்கு சொல்லிவிடுகிறேன். ஓட்டில் இரண்டு படைகள் உண்டு. மேற்படையில் சலவைக்கல் துணுக்கு, சலவைக்கற் பொடி, சீமெந்து, நிறச்சாயம். கீழ்ப்படையில் சீமெந்தும் மணலும். இரண்டையும் அச்சில் இட்டு நீரழுத்த இயந்திரத்தால் நசுக்கி ஒன்றாக்குவார்கள். பின்னர் நீரில் ஊறவைத்து இறுக விடுவார்கள். இந்தியாவின் ஐ.எஸ். 1237 என்ற தர நிர்ணயம் இதற்கு அளவுகளை வகுத்திருக்கிறது. 250 மில்லிமீற்றர் சதுர ஓட்டின் தடிப்பு 22 மில்லிமீற்றர். தேய்மானத்துக்கு ஈடுகொடுக்கும் மேற்படை துணுக்கின் பருமனைப் பொறுத்து ஐந்து அல்லது ஆறு மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. ஓடு உறிஞ்சும் நீர் அதன் எடையில் பத்துச் சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் உராய்வு இயந்திரத்தில் வைத்துத் தேய்க்கும்போது சாதாரண ஓடு சராசரியாக 3.5 மில்லிமீற்றருக்கு மேலும், கனரகப் பாவனைக்கான ஓடு 2 மில்லிமீற்றருக்கு மேலும் தேயக் கூடாது. இந்த எண்களை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும், பின்னால் தேவைப்படும்.

மேசன் காக்கா நீர்க்குழாய் கொண்டு நான்கு சுவரிலும் மட்டம் குறித்தார். நூல் கட்டினார். ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிப்பில் சீமெந்துக் கலவையைப் பரப்பி, மட்டக்கோலால் இழுத்தார். ஓட்டை நீரில் நனைத்து எடுத்து, அடியில் கூழாகக் கரைத்த சீமெந்தைத் தடவி வைத்து, மரச் சுத்தியலால் தட்டினார். ஒவ்வோர் ஓட்டையும் தட்டிய பின்னர் காதைச் சாய்த்துக் கேட்பார். வெறும் ஓசை வந்தால் அதைப் பிடுங்கி மீண்டும் வைப்பார். அடியில் வெற்றிடம் இருந்தால் ஒரு நாள் கட்டில் கால் பட்டே ஓடு உடைந்துவிடும் என்பதே காரணம். இணைப்புகள் நூல் போல் மெல்லியவை. அவற்றில் ஓட்டின் நிறத்திலேயே கரைத்த சீமெந்து நிரப்பப்பட்டது.

முன் விறாந்தைக்கு மாத்திரம் ஓடு பாவிக்கவில்லை. அங்கே கண்ணாடிப் பட்டிகளை நிறுத்திக் கட்டங்கள் அமைத்து, அதற்குள்ளேயே கலவையை ஊற்றினார்கள். சீமெந்து இறுகும்போது சுருங்கும். பெரிய பரப்பை ஒரேயடியாக ஊற்றினால் தான் விரும்பிய இடத்தில் வெடிக்கும். சிறு கட்டங்களாகப் பிரித்தால் அந்தச் சுருக்கம் பட்டியோரத்தில் அடங்கிவிடும். ஒரு கட்டத்தின் பரப்பு இரண்டு சதுர மீற்றருக்கு மேற்படாதிருப்பது நல்லது என்பது கட்டட வேலை நூல்களின் விதி. மூன்று பங்கு சீமெந்துக்கு ஒரு பங்கு சலவைக்கற் பொடி. பரப்பிய கலவையின் மேல் இன்னும் துணுக்குகளைத் தூவி, பாரமான உருளையை உருட்டினார்கள். மிகுதிச் சீமெந்து மேலே வர, அதை வழித்தெடுத்தார்கள். பார்வைக்குப் பத்தில் ஏழு பங்காவது கல்லாகத் தெரிந்தால்தான் அது நல்ல டெராசோ.

அதன் பிறகு இரண்டு வாரங்கள் எவரும் உள்ளே போகவில்லை. பின்னர் தேய்ப்பு ஆரம்பமாயிற்று. மின்சாரம் அப்போது எங்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை. நான்கு பேர் வரிசையாகக் குந்தியிருந்து, கார்பொறண்டம் கல்லை இரண்டு கைகளாலும் பிடித்து, நீரூற்றி நீரூற்றித் தேய்த்தார்கள். முதலில் சொரசொரப்பான 60ஆம் இலக்கக் கல். பச்சை நிறச் சேறு வாசல் வழியாக ஓடி முற்றத்தில் தேங்கியது. முதல் தேய்ப்பில் ஊசித்துளைகள் வெளித்தெரிந்தன. அவற்றை அதே நிறச் சீமெந்தால் அடைத்து, சில நாள் இறுக விட்டு, 120ஆம் இலக்கக் கல்லால் மீண்டும் தேய்த்தார்கள். இறுதியாக இன்னும் மெல்லிய கல். எல்லாம் முடிந்ததும் ஒக்சாலிக் அமிலத் தூளைத் தூவி, நீர் தெளித்து, தடித்த துணிக்கட்டால் உரசினார்கள். ஒரு சதுர மீற்றருக்கு 33 கிராம் என்பது அதன் கணக்கு. கடைசியில் மெழுகு.

நீரூற்றித் தேய்ப்பதில் ஓர் உயிர்க் காரணம் உண்டு என்பதை நான் பின்னாளில்தான் அறிந்தேன். உலர்வாகத் தேய்த்தால் மணலிலுள்ள சிலிக்கா தூளாக எழுந்து சுவாசப்பையில் படியும். அது திரும்பி வராத நோய். அன்று குந்தியிருந்து தேய்த்த அந்த நால்வரின் பெயர்களை எங்கள் குடும்பத்தில் எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்களின் முழங்கால் நோவும் உள்ளங்கைக் காய்ப்பும் அந்த ஒளிக்குள் இருக்கின்றன.

எடுத்துச் செல்ல முடியாதது

ராத்தாவின் கலியாணம் அந்த நிலத்தில் நடந்தது. நான்காண்டு கழித்து, 1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்கைச் சூறாவளி தாக்கியது. கூரை முழுவதும் பறந்தது. இரவு முழுவதும் மழை வீட்டுக்குள்ளேயே பெய்தது. காலையில் சேற்றை வாரி, நீரூற்றிக் கழுவியதும் நிலம் பழையபடி மின்னியது. மண் நிலம் கொண்ட அயல்வீடுகளில் மாதக்கணக்கில் சேறு காயவில்லை.

1990இன் வன்முறை நாட்களில் ராத்தாவின் குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறியது. திரும்பி வந்தபோது கதவு, யன்னல், கூரை மரம், ஓடு, கிணற்றுக் கப்பி எதுவும் இல்லை. அந்த ஆண்டுகளில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதமின்றி வீடு துறந்து போன எல்லோரும் திரும்பி வந்து கண்ட காட்சிதான் அது. கழற்றக்கூடியவை அனைத்தும் போயிருந்தன. நிலத்தை எவராலும் கழற்ற முடியவில்லை. காங்கேசன்துறைத் தொழிற்சாலையும் அதே 1990இல்தான் போரினால் மூடப்பட்டது.

2004 டிசம்பர் 26இன் பின்னர் ஒரு செய்தியாளனாக நான் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரையோரங்களில் நடந்தேன். நாட்டில் ஆழிப்பேரலைக்கு அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்தான்; பத்தாயிரத்துக்கும் மேல். கரையோரத்தில் சுவர்கள் இல்லை, வேலிகள் இல்லை, ஒழுங்கைகள் இல்லை. சதுரம் சதுரமாக நிலங்கள் மாத்திரம் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. ஒரு பெண்மணி சிவப்புச் சீமெந்து நிலமொன்றில் அமர்ந்திருந்தார். அருகே போனபோது, "இதுதான் எங்கட ஊடு. நிலத்தப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன்" என்றார். அலை சுவரை முட்டித் தள்ளும். மண்ணோடு படுத்திருக்கும் நிலத்தை அது எளிதில் தள்ள முடியாது. அத்திவாரத்தின் கீழ் மணல் அரிக்கப்பட்ட இடங்களில் நிலமும் உடைந்து சரிந்திருந்ததையும் கண்டேன். பின்னர் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அரசு அறிவித்து, அந்த எல்லையைத் தளர்த்துவதற்கிடையில் நடந்த வாதங்களில், என் வளவு இதுதான் என்று பலர் சுட்டிக்காட்டியது அந்த நிலங்களைத்தான்.

உடைப்பதா, தேய்ப்பதா?

1977இல் பொருளாதாரம் திறந்து விடப்பட்டது. மத்திய கிழக்குக்குப் போனவர்களின் உழைப்பு எங்கள் ஊர்களில் வீடுகளாக எழுந்தது. பீங்கான் ஓடுகள் வந்தன. அவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். சேறில்லை, இரைச்சலில்லை, இரண்டு நாளில் ஒரு மண்டபம் முடிந்துவிடும். இன்றைய பொசிலின் ஓடு நீரை அரைச் சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. புளிக்கும் எலுமிச்சைக்கும் அஞ்சாது. டெராசோவோ சலவைக்கல்லும் சீமெந்தும் கலந்தது; இரண்டையும் அமிலம் தின்றுவிடும். ஒரு துளி எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பாருங்கள், சிறு குமிழி எழும்பும். குசினிக்கும் குளியலறைக்கும் பீங்கான் ஓடு நல்லதென்பதே என் கருத்தும்கூட.

ஆனால் மருமகளிடம் ஒன்றைச் சொன்னேன். மேலே மெருகு பூசிய பீங்கான் ஓட்டில் நிறமும் பூவும் இருப்பது மிக மெல்லிய தோலில். அது தேய்ந்தாலோ சிதறினாலோ மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. சில ஆண்டுகளில் அதே நிறம் கடையில் கிடைக்காது. டெராசோவின் மேற்படையில் மேலிருந்து கீழ்வரை அதே கல், அதே நிறம். ஐந்து மில்லிமீற்றர் என்று முன்னர் சொன்னேன் அல்லவா? ஐம்பதாண்டுகளாக மூன்று தலைமுறை நடந்தும் அதில் வாசலருகே கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. மீண்டும் மெல்லத் தேய்த்தால் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே போகும். அதற்குக் கீழே 1974இல் வந்த அதே பச்சை இருக்கிறது.

பழைய நிலத்தின் மேலேயே ஒட்டுவதில் வேறு சிக்கல்களும் உண்டு. மெழுகேறிய பரப்பில் கலவை பிடிக்காது. கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். நிலம் உயர்ந்தால் கதவுகளின் அடியை அறுக்க வேண்டும். பழைய ஓட்டில் வெற்றோசை கேட்டால் புதிய ஓடும் அதனுடனே பெயரும். என் நண்பர் ஒருவரின் வீட்டில் அப்படி ஒட்டிய ஓடுகள் ஒரு கோடைக்குள் கூடாரம் போல் எழும்பி நின்றதை நேரில் கண்டிருக்கிறேன்.

மருமகள் உடனே இணங்கிவிடவில்லை. "ஆக்கள் என்ன செல்லுவாங்க மாமா?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. வாப்பாவும் 1974இல் அதே கேள்வியைக் கேட்டுத்தானே நெல்லை விற்றார்? அப்போது ராத்தா உள்ளேயிருந்து, "நோன்பு காலத்துல இந்தக் குளிருக்குப் பாயும் வேணாம். எனக்கு இது போதும்" என்றார். தடித்த சீமெந்தும் கல்லும் உடற்சூட்டை விரைவாக இழுத்து மண்ணுக்குக் கொடுப்பதால்தான் அந்தக் குளிர்ச்சி என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்கவில்லை.

முதலில் ஓரிடத்தில் தேய்த்துப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். அன்று நிலம் போட்ட மேசன் காக்கா காலமாகிவிட்டார். அவரிடம் வேலை பழகியவர்களுள் ஒருவர், இப்போது முதியவர், சாய்ந்தமருதிலிருந்து வந்தார். ஒவ்வோர் ஓட்டையும் நாணயத்தால் தட்டிக் கேட்டார். மண்டபம் முழுவதிலும் நான்கு ஓடுகளில்தான் வெற்றோசை வந்தது. வெடிப்பைச் சுத்தம் செய்து, நிறம் சேர்த்த கலவையும் கல் துணுக்கும் இட்டு அடைத்தார். அவரது பேரன் வைரத் துகள் பதித்த வட்டில்கள் பூட்டிய இயந்திரத்தைக் கொண்டுவந்து, நீரூற்றிக்கொண்டே கட்டில் அளவான ஓரிடத்தைத் தேய்த்தான். சேற்றை வழித்துத் துடைத்ததும் அனைவரும் குனிந்து பார்த்தோம். பச்சை நிறம் ஈரத்தில் விளங்கியது. வெண்கல் துணுக்குகள் முழுமுழுதாகத் தெரிந்தன. மணப்பெண்தான் முதலில் பேசினாள்: "இது கடையில கெடைக்குமா?"

கிடைக்கும் என்று சொன்னேன். உலகின் பெருநகரங்களில் டெராசோ மீண்டும் விலையுயர்ந்த நாகரிகமாகிவிட்டது. டெராசோ போலத் தோன்றும் படம் அச்சிட்ட பீங்கான் ஓடுகள்கூட விற்பனைக்கு வருகின்றன. உண்மையானதை உடைத்துவிட்டு அதன் படத்தைப் பணம் கொடுத்து வாங்கி ஒட்டும் நிலைக்கு நாம் போய்விடக் கூடாது என்பதே என் கவலை.

இறுதியில் மண்டபமும் விறாந்தையும் தேய்க்கப்பட்டன. குசினிக்குப் புதிய ஓடு வந்தது. நீர் விழுந்தால் வழுக்கும் என்பதால் விறாந்தைப் படியை முழுதாக மினுக்காமல் சொரசொரப்பாக விடச் சொன்னார் முதியவர். இனி அமிலம் கலந்த கழுவு நீரைப் பாவிக்க வேண்டாம், சாதாரண நீரும் மென்மையான சவர்க்காரமும் போதும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் கரையோரத்தில் எத்தனையோ பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் பழைய வீடுகளிலும் இத்தகைய நிலங்கள் இன்னும் கிடக்கின்றன. தொழுகை வரிசைகளில் முன்னோரின் நெற்றி பட்ட நிலங்கள் அவற்றுள் உண்டு. திருத்த வேலைக்குப் பணம் சேர்ந்ததும் முதலில் உடைபடுவதும் அவைதான். நம்பிக்கையாளர் சபையினரிடமும் வீட்டுக்காரரிடமும் நான் கேட்பது சிறிய விடயம். சம்மட்டியை எடுப்பதற்கு முன்னர் ஒரு பாய் அளவு இடத்தைத் தேய்த்துப் பாருங்கள். அது பிடிக்கவில்லை என்றால் பின்னர் உடைக்கலாம். உடைத்த பிறகு தேய்த்துப் பார்க்க முடியாது.